உங்கள் பெயரில் இன்னொருவர் நடமாடுகிறாரா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

அடையாளத் திருட்டு பெரிய நஷ்டமாக வெடிப்பதற்கு முன் சின்னதாக ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். கேட்காத ஓடிபி, காரணமில்லாமல் போன சிக்னல், யாருக்குச் செலுத்தியது என்று தெரியாத சிறு தொகை. உங்களுக்கு நேர்ந்ததைக் கீழே தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் சாதாரணக் காரணம் முதலிலும், நேரமும் பணமும் பிடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் சரிசெய்யும் வரிசை ஒன்றுதான்: போன் நம்பர், அடுத்து இமெயில், அடுத்து வங்கி, கடைசியில் மற்ற கணக்குகள். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை இமெயில் வழியாக மாற்றலாம். இமெயிலின் பாஸ்வேர்டைப் போன் நம்பர் வழியாக மாற்றலாம். நம்பர் திருடன் கையில் இருக்கும்போது நீங்கள் வங்கியில் மாற்றிய பாஸ்வேர்டை அவன் அரை மணி நேரத்தில் திரும்ப மாற்றிவிடுவான். பணம் இந்த நிமிடமே போய்க்கொண்டிருந்தால் மட்டும் வங்கியை முதலில் அழையுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன், வந்த மெசேஜ், மெயில், கணக்கு வரி எல்லாவற்றையும் தேதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் மெயிலை அழித்துவிட்டால் பின்னால் வங்கியிடமும் காவல்துறையிடமும் காட்ட எதுவும் இருக்காது.

## கேட்காமலே ஓடிபி வருகிறது

மெசேஜை முழுதாகப் படியுங்கள். எந்தச் சேவை, எதற்காக, தொகை ஏதும் இருக்கிறதா என்ற மூன்றும் அதிலேயே இருக்கும்.

ஒரே ஒரு முறை, உங்களுக்குக் கணக்கே இல்லாத சேவையிலிருந்து. யாரோ தன் நம்பரை அடிக்கும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்திருப்பார். விட்டுவிடலாம்.

நம்பர் கொடுத்தாலே ஓடிபி அனுப்பும் சேவை. உங்கள் நம்பர் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. அடுத்து ஒரு போன் வரலாம்: "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோடு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்கள்." சொல்லாதவரை ஆபத்தில்லை.

பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் ஓடிபி அனுப்பும் சேவை. இது வேறு விஷயம். உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ஓடிபி ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. அந்தச் சேவை எந்த வகை என்று தெரியாவிட்டால், பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து நீங்களே லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு போட்ட பிறகே ஓடிபி வந்தால், உடனே அதை மாற்றுங்கள். மெசேஜில் உள்ள லிங்க் வழியாகப் போகாமல், முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கேயும் மாற்ற வேண்டும். ஒரு தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டுப் பட்டியலை நூறு தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பதுதான் இவர்கள் வேலை. உங்கள் மெயில் முகவரி எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்பதை, இணையப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013 முதல் நடத்திவரும் ‘ஹேவ் ஐ பீன் பௌன்ட்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஓடிபியோடு தொகையும் கடைப் பெயரும் இருக்கிறது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறம் உள்ள எண் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. வங்கி ஆப்பில் கார்டை முடக்கிவிட்டு வங்கியை அழைத்துப் புதிய எண்ணுள்ள கார்டு கேளுங்கள். பின் எண்ணை மட்டும் மாற்றுவதால் இணையப் பரிவர்த்தனை நிற்காது.

## போனில் சிக்னல் போய்விட்டது

சாதாரணக் காரணங்களை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். சிம் திருட்டு (உங்கள் நம்பரை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

1. ஏர்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள். போனை அணைத்துப் போடுங்கள்.
2. அதே இடத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் வேறொருவருக்குச் சிக்னல் இருக்கிறதா? அவருக்கும் இல்லையென்றால் டவர் கோளாறு.
3. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் போனில்தான் பழுது.
4. இன்னொரு போனிலிருந்து உங்கள் நம்பரை அழையுங்கள். உங்கள் கையில் சிக்னல் இல்லாத நிலையில் மறுமுனையில் மணி அடித்தால், நம்பர் வேறு சிம்மில் ஓடுகிறது அல்லது அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகிறது. இரண்டுமே மோசம்தான்.

நான்காவது சோதனையில் மணி அடித்தாலும், முதல் மூன்றிலும் காரணம் கிடைக்காவிட்டாலும் சிம் நிறுவனத்தை இன்னொரு போனிலிருந்து அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். என் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் கொடுக்கப்பட்டதா? இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இயங்கும் சிம்) மாற்றப்பட்டதா? வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறதா? ஆம் என்றால் நம்பரை முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த போன், இங்கே மட்டும் இமெயிலுக்கு முன்னாலேயே, வங்கிக்கு: நெட்பேங்கிங்கும் மொபைல் பேங்கிங்கும் உடனே நிறுத்தப்பட வேண்டும். அதற்குப் பிறகு வைஃபையில் இணைந்து, இமெயில் கணக்கின் மீட்பு எண்ணாக (பாஸ்வேர்டு மறந்தால் கோடு அனுப்பப்படும் எண்) இருக்கும் இந்த நம்பரை நீக்குங்கள்.

நம்பர் திரும்பக் கிடைத்ததும், நேரில் வந்து அடையாளம் காட்டினால் ஒழிய சிம் மாற்றக் கூடாது என்ற பூட்டையோ கணக்குக்கான தனிப் பின் எண்ணையோ போட முடியுமா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் இந்த வசதி உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

### சிக்னல் இருக்கிறது, அழைப்புகள் மட்டும் வருவதில்லை

டயல் பேடில் *#21# போட்டுப் பாருங்கள். எல்லா அழைப்பையும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அந்த எண் தெரியும். *#67# பிஸியாக இருக்கும்போது, *#61# எடுக்காதபோது, *#62# தொடர்பில் இல்லாதபோது திருப்பப்படும் எண்ணைக் காட்டும். கடைசி மூன்றிலும் தெரிவது உங்கள் நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் எண்ணாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். முதலாவதில் தெரியாத எண் இருந்தால் பயப்பட வேண்டும். ##002# எல்லாத் திருப்பலையும் ரத்து செய்யும், வாய்ஸ்மெயிலும் சேர்ந்து போகும், அதைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்தக் கோடுகள் வேலை செய்யாத நெட்வொர்க்கில் கஸ்டமர் கேரிடம் கேளுங்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், "கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை டயல் செய்து உறுதிசெய்யுங்கள்" என்று யாரோ சொல்ல, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு நீள எண்ணை நாமே டயல் செய்திருப்போம். பிறகு வாட்ஸ்அப் கோடைக் குரல் அழைப்பாகக் கேட்டு அவன் வாங்கிக்கொள்வான்.

## மெயிலுக்குள் யாரோ வந்ததாக எச்சரிக்கை

முதலில் அந்த எச்சரிக்கையே போலியா என்று பாருங்கள். மெயிலில் உள்ள பட்டனை அழுத்தாமல், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தை நேராகத் திறந்து, சமீபத்திய செயல்பாடுகளில் அதே நிகழ்வு இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே இல்லையென்றால் வந்தது தூண்டில். இருந்தால், அந்தச் சாதனமும் நேரமும் உங்களுடையதா என்று பாருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் காட்டும், விபிஎன் (இணைய இருப்பிடத்தை மறைக்கும் சேவை) போட்டிருந்தால் நாடே மாறும்.

உண்மையான நுழைவு என்றால், பலரும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். இங்கேதான் கோட்டை விடுகிறோம். திருடன் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலை, பாஸ்வேர்டு மாறினாலும் மெயில் தனக்கு வந்துகொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான். பாஸ்வேர்டை மாற்றிய கையோடு கணினியில் உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள். மொபைல் ஆப்பில் பாதி தெரியாது.

ஃபில்டர்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு விதியும் ஒரு வரியாக இருக்கும். உங்கள் வங்கியின் பெயரோ, ‘ஓடிபி’, ‘செக்யூரிட்டி’, ‘பாஸ்வேர்டு’ போன்ற சொல்லோ இருந்து, அதற்கு எதிரே ‘இன்பாக்ஸைத் தவிர், படித்ததாகக் குறி, அழி’ என்றிருந்தால் அது நீங்கள் போட்டதல்ல. வங்கி எச்சரிக்கை மெயில்கள் வாரக்கணக்கில் கண்ணில் படாமல் குப்பைக்குப் போனது இதனால்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். பிறகு ட்ராஷ் ஃபோல்டரில் தேடுங்கள். ஜிமெயிலில் அழித்த மெயில் 30 நாள் அங்கே இருக்கும், என்னவெல்லாம் நடந்தது என்ற கதை அதில் கிடைக்கும்.

ஃபார்வர்டிங். தெரியாத முகவரி ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கை அணுக அனுமதி பெற்றவர்கள். ஜிமெயிலில் வேறொருவர் உங்கள் மெயிலைப் படிக்க அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

பதில் முகவரி. நீங்கள் அனுப்பும் மெயிலுக்கு வரும் பதில் வேறு முகவரிக்குப் போகும்படி மாற்றியிருக்கலாம். உங்கள் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மீட்பு எண், மீட்பு மெயில், இணைந்த ஆப்கள், ஆப் பாஸ்வேர்டுகள் (வேறு ஆப் உள்ளே வரத் தனியாகக் கொடுத்தவை), பாஸ்கீகள் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தின் பூட்டாலோ கைரேகையாலோ திறக்கும் சாவிகள்). தெரியாதது எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். கடைசியாக எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆதென்டிகேட்டர் ஆப்புக்கோ (போனிலேயே கோடு உருவாக்கும் ஆப்) பாஸ்கீக்கோ மாற்றிவிட்டால், மேலே சொன்ன சிம் திருட்டால் இமெயிலைத் தொடுவது மிகவும் கடினம். அப்போது கொடுக்கப்படும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் வழி.

### பாஸ்வேர்டே மாறிவிட்டது, உள்ளே போக முடியவில்லை

நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினி, வழக்கமான பிரவுசர், வழக்கமான வைஃபை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்திலிருந்து மீட்பு முயற்சியைத் தொடங்குங்கள். கூகுள் அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. மீட்பு எண்ணையும் மெயிலையும் திருடன் மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் கோடு அனுப்ப வாய்ப்புண்டு. அதனால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று வருபவர்கள் யாராக இருந்தாலும் ஒதுக்குங்கள். நிறுவனத்தின் மீட்புப் பக்கத்துக்கு வெளியே வேறு கதவு கிடையாது. அவர்கள் கேட்கும் கோடும் அடையாள அட்டைப் படமும் இரண்டாவது திருட்டுக்குத்தான் உதவும்.

### இன்பாக்ஸில் திடீரென்று நூற்றுக்கணக்கான சந்தா மெயில்கள்

ஸ்பேம் என்று நினைத்து ஒட்டுமொத்தமாக அழித்துவிடாதீர்கள். உங்கள் முகவரியை நூற்றுக்கணக்கான செய்திமடல்களில் பதிந்துவிடுவது, அந்தக் குவியலுக்கு அடியில் ஒரே ஒரு மெயிலை மறைப்பதற்காக இருக்கலாம்: பொருள் ஆர்டர் ஆனது, பணம் போனது, பாஸ்வேர்டு மாறியது. வங்கி, ஷாப்பிங் தளங்களின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வங்கிக் கணக்கையும் ஷாப்பிங் கணக்குகளின் ஆர்டர் பட்டியலையும் நேராகத் திறந்து பாருங்கள். அன்சப்ஸ்கிரைப் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்துவது பிறகு செய்யலாம்.

## உங்கள் பெயரில் நண்பர்களுக்குப் பணம் கேட்டு மெசேஜ் போகிறது

மெசேஜ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று நண்பரிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். இதில்தான் வழி பிரிகிறது.

வேறு எண், உங்கள் படம். உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது. படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். நண்பர்கள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். புரொஃபைல் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

உங்கள் எண்ணேதான், உங்கள் வாட்ஸ்அப்பும் வழக்கம்போல் வேலை செய்கிறது. இணைந்த சாதனங்கள் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பிரவுசரோ கணினியோ இருந்தால் வெளியேற்றுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவைத்தோ, எட்டு எழுத்துக் கோடு ஒன்றை உங்கள் ஆப்பில் அடிக்கவைத்தோ சேர்த்திருப்பார்கள்.

வாட்ஸ்அப் உங்களை வெளியே தள்ளிவிட்டது. அதே நம்பரில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் கோடைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டடுக்குப் பின் போட்டுவைத்திருந்தால் உங்களுக்கும் உடனே திறக்காது, 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அவனாலும் உங்கள் பெயரில் எதுவும் அனுப்ப முடியாது. திறந்ததும் உங்கள் சொந்தப் பின்னைப் போடுங்கள்.

இந்த மூன்றிலும், நெருங்கியவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மெசேஜில் சொன்னால் எது நீங்கள், எது அவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

## கணக்கில் தெரியாத சிறு தொகை

சிறு தொகைதானே என்று விடாதீர்கள். திருடிய கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கச் சின்னதாக ஒன்றை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பெரியது பின்னால் வரும்.

முதலில் வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். இலவசச் சோதனைக் காலம் முடிந்து தொடங்கிய சந்தாவா என்று மெயிலில் தேடுங்கள். கடையின் பெயரும் கணக்கில் வரும் பெயரும் வேறாக இருப்பது சகஜம் என்பதால், அந்தப் பெயரைத் தேடுபொறியிலும் போட்டுப் பாருங்கள். இவற்றில் விடை இல்லையென்றால் கார்டை முடக்கி, வங்கியிடம் "மோசடி" என்ற சொல்லைச் சொல்லியே புகார் பதியுங்கள். கார்டு பழுது என்று சொல்லிப் புது கார்டு வாங்கினால், பழைய எண்ணில் இருந்த சந்தாக்கள் சில நேரம் புதிய எண்ணுக்குத் தானாகவே மாறிவிடும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. போனில் சொன்னதை அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். எத்தனை நாளுக்குள் புகார் கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் பல நாடுகளில் நஷ்டம் யார் தலையில் என்பது தீர்மானமாகிறது.

## வாங்காத கடனுக்கு வசூல் அழைப்பு

அழைத்தவர் மோசடிக்காரராகவே இருக்கலாம். உங்கள் பிறந்த தேதியையோ முகவரியையோ உறுதிசெய்யாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் எது, கடன் கணக்கு எண் என்ன என்று கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள்.

கடன் உண்மையிலேயே உங்கள் பெயரில் இருந்தால், உங்கள் நாட்டில் இயங்கும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் (யார் என்ன கடன் வாங்கினார் என்பதைப் பதிந்துவைப்பவர்கள்) அறிக்கை எடுங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம். கணக்குப் பட்டியலை மட்டும் பார்க்காமல் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ‘விசாரணைகள்’ பகுதியில், இன்னும் கடன் கிடைக்காத முயற்சிகளும் தெரியும். தனிப்பட்ட விவரங்கள் பகுதியில் நீங்கள் குடியிருக்காத முகவரியோ உங்களுடையதல்லாத போன் நம்பரோ இருந்தால், திருடன் கொடுத்த விவரம் அதுதான். காவல்துறைப் புகாரில் அதைக் கட்டாயம் சேருங்கள்.

"சின்னத் தொகை கட்டிவிடுங்கள், பைலை மூடிவிடுகிறோம்" என்பார்கள். கட்டாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்படலாம். காவல்துறைப் புகார் நகலோடு கடன் நிறுவனத்துக்கும் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். புதுக் கடன் தராதபடி அறிக்கையை உறையவைக்கும் வசதி உங்கள் நாட்டில் இருந்தால் அதையும் செய்யுங்கள். மறுப்புக்குப் பிறகும் வசூல் நிற்காவிட்டாலோ, நீதிமன்ற நோட்டீஸ் வந்தாலோ, அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கக் கெடு உண்டு.

## வீட்டுக்கு வர வேண்டிய கடிதங்கள் வரவில்லை

மாதாமாதம் வரும் வங்கி அறிக்கை நின்றால், மின்னறிக்கைக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியிடம் உள்ள முகவரி மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். முகவரி மாறாமல் கடிதம் மட்டும் காணாமல் போனால் பெட்டிக்குப் பூட்டு தேவை.

குப்பையில் போகும் தாள்களுக்கு நீளப் பட்டையாக வெட்டும் ஷ்ரெடர் போதாது. பொறுமை இருந்தால் ஒட்டிவிடலாம். பி-4 தரமுள்ள (துண்டின் அளவைக் குறிக்கும் தரம்) குறுக்குவெட்டு ஷ்ரெடர் ஒவ்வொரு துண்டையும் 160 சதுர மில்லிமீட்டருக்குள் வெட்டும். வீட்டுக்கு அது போதும்.

அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்பதைக் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே எழுதுங்கள். ஓரத்தில் எழுதியதை வெட்டிவிடலாம். பிடிஎஃப்பில் எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து மறைத்தால், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். இழுத்துக் காப்பி செய்தால் வந்துவிடும். போன் படத்தில் ஹைலைட்டரால் அடித்தாலும் பிரகாசத்தைக் கூட்டினால் தெரியும். திடமான கறுப்பால் மறைத்து, அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள்.

## எல்லாம் மாற்றியும் திரும்பத் திரும்ப நடக்கிறது

பாஸ்வேர்டு மாற்றிய இரண்டு நாளில் மறுபடி யாரோ உள்ளே வந்தால், ஓட்டை கணக்கில் இல்லை, சாதனத்தில் இருக்கிறது. பாதித்த கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவது, திருடனின் முன்னாலேயே பூட்டை மாற்றிச் சாவியைக் காட்டுவது போல. தகவல் திருடும் நிரல்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும் எடுப்பதில்லை. லாகின் செய்த நிலையைக் காட்டும் குக்கீகளையும் எடுக்கின்றன. குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

கணினியில். முதலில் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். ஏன் இருக்கிறது என்று தெரியாததை நீக்குங்கள். சமீபத்தில் கிராக் செய்த மென்பொருள் போட்டீர்களா? ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொன்ன பக்கத்துக்குக் கீழ்ப்படிந்தீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் ஸ்கேன் செய்து சுத்தம் என்று வந்தாலும் நம்பாதீர்கள். கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்து, வேறு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பிறகு பிரவுசர் ஒத்திசைவை (சிங்க்) போடும்போது எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்காதீர்கள். பழைய எக்ஸ்டென்ஷன் அந்த வழியாகவே திரும்ப வந்து உட்காரும்.

ஆண்ட்ராய்டு போனில். செட்டிங்ஸில் நான்கு பட்டியல்கள்: அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின், நோட்டிஃபிகேஷன் அணுகல், எஸ்எம்எஸ் அனுமதி. திருமண அழைப்பிதழ், அபராத ரசீது என்று மெசேஜில் வந்த ஏபிகே ஃபைல்கள் (ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்கள்) இவற்றில்தான் ஒட்டிக்கொண்டு ஓடிபியை அனுப்பிக்கொண்டிருக்கும். அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யாவிட்டால் முதலில் டிவைஸ் அட்மின் அனுமதியை எடுத்துவிட்டு, சேஃப் மோடில் (நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாத நிலை) நீக்குங்கள். அப்போதும் போகவில்லையென்றால் ஃபேக்டரி ரீசெட். ‘உதவி செய்கிறேன்’ என்று யாராவது போடவைத்த ஸ்கிரீன் பகிரும் ஆப் இருந்தால் அதுவும் போக வேண்டும்.

சாதனம் சுத்தமான பிறகே, அல்லது வேறொரு நம்பகமான சாதனத்திலிருந்து, தொடக்கத்தில் சொன்ன வரிசைப்படி எல்லா இடத்திலும் ‘அனைத்துச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ கொடுத்துப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

வீட்டில் பலருடைய சாதனங்களிலும் ஒரே நேரத்தில் சிக்கல். ரவுட்டரைப் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு வாங்கும்போது இருந்ததேவா? டிஎன்எஸ் முகவரி (தளங்களின் பெயரை வைத்து அவற்றைக் கண்டுபிடிக்கும் சர்வரின் முகவரி) நீங்களோ இணைய நிறுவனமோ போட்டதா? சந்தேகம் இருந்தால் ரீசெட் பட்டனைக் கையேடு சொல்லும் நேரம் வரை அழுத்தி, ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருள்) புதுப்பித்து, புது அட்மின் பாஸ்வேர்டு போட்டு, டபிள்யூபிஎஸ்ஸை (வைஃபை பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணையுங்கள்.

புதிதாக விண்டோஸ் போடுவது கைவரவில்லை என்றாலோ, அந்தக் கணினியில் அலுவலக அல்லது வாடிக்கையாளர் தகவல் இருந்தாலோ தொழில்நுட்ப ஆளிடம் கொடுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால் நீங்களாக எதையும் அழிக்காமல் அலுவலக ஐடி பிரிவிடம் முதலில் சொல்லுங்கள். பெரிய தொகை போய்க் காவல்துறையில் புகார் கொடுத்திருந்தால், அவர்கள் பார்க்கும்வரை சாதனத்தை ரீசெட் செய்யாமல் இணையத்தை மட்டும் துண்டித்து அப்படியே வைத்திருங்கள். வெளி ஆளிடம் கொடுப்பதானால் நேரில் கொடுங்கள், தூரத்திலிருந்து ஸ்கிரீனைக் கையாள விடாதீர்கள். கொடுக்கும் முன் இன்னொரு சாதனத்திலிருந்து எல்லாக் கணக்குகளையும் அந்தக் கணினியிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். பாஸ்வேர்டு எழுதிய தாளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியம் எந்தப் பழுதிலும் இல்லை.